லவங்கப்பட்டைத் தண்ணீர்

லவங்கப்பட்டை உடம்புக்கு நல்லது என்று யாராவது பேச ஆரம்பித்தால் நான் பாதியிலேயே எழுந்து போய்விடுவேன். கல்யாண வீட்டுப் பந்தியாக இருந்தாலும் சரி, துக்க வீடாக இருந்தாலும் சரி. பஸ்ஸில் மட்டும் எழுந்து போக முடியாது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதால் அல்ல. சொல்வதில் முக்கால்வாசி உண்மைதான். வயிற்று உப்புசத்துக்கு அதைப்போல ஒன்று கிடையாது. தொண்டைக்கட்டு, சளி, வாய்க்கசப்பு எல்லாவற்றுக்கும் நல்லது. என் உடம்பிலேயே நான் பார்த்தது. ஆனால் அந்தப் பேச்சில் நானும் வாயைத் திறந்தால் அது எங்கள் வீட்டுக்காரரிடம் போய்த்தான் நிற்கும். அவரை ஊர் வாயில் போட எனக்கு மனசு வரவில்லை. எனக்கு வாய் ஜாஸ்தி என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

அவர் ஆம்பூரில் ஒரு டேனரியில் மேஸ்திரி. ஆவாரம்பட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீரில் ஆட்டுத்தோலைப் போட்டுப் பதப்படுத்துவார்களே, அந்தப் பகுதி அவர் பொறுப்பு. அங்கே வரிசையாகக் குழிகள் இருக்கும். முதல் குழியில் தண்ணீர் இளசாக இருக்கும், அடுத்ததில் கொஞ்சம் கெட்டி, கடைசிக் குழியில் டீ டிகாஷன் மாதிரி கறுத்து நிற்கும். தோலை ஒவ்வொரு குழியாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அவசரப்பட்டுப் பச்சைத்தோலை எடுத்த எடுப்பில் கெட்டித் தண்ணீரில் போட்டால் மேல்பக்கம் உடனே இறுகிக்கொள்ளும். அதற்குப் பிறகு உள்ளே சாறு இறங்காது. மேலே பார்த்தால் நல்ல தோல், நடுவில் பச்சையாகவே இருந்து அழுக ஆரம்பிக்கும். அப்படிக் கெட்டுப்போன தோலை எதற்கும் ஆகாது என்று ஒதுக்கிவிடுவார்கள்.

எந்தக் குழி எவ்வளவு கெட்டி என்று பார்க்க அவரிடம் இருந்தது அவர் நாக்குதான். விரலை நனைத்து நாக்கில் வைப்பார், நாக்கை ஒரு சொடுக்குச் சொடுக்கி, துப்பிவிட்டுச் சொல்வார். "கம்மி" என்பார், இல்லாவிட்டால் "போதும்" என்பார். நாள் முழுக்க அந்த இரண்டு வார்த்தைதான் அவர் பேசுவது என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். வீட்டில் அதுவும் கிடையாது.

நான் கணியம்பாடிப் பக்கம். எங்கள் வீட்டில் மாட்டோடுகூடப் பேசுவோம். இவர் பெண் பார்க்க வந்தபோது ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளைக்குக் கூச்சம் என்றார்கள். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் அந்தக் கூச்சம் தெளியவில்லை. வேலை முடிந்து வருவார், கிணற்றடியில் சோப்பைப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்துக் குளிப்பார், போட்டதைச் சாப்பிடுவார், படுப்பார். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் இருக்கும் பழுப்பு போகாது. குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். நல்லவரைக் குறை சொல்லவும் முடியாதே என்பதுதான் என் பேஜார். எங்களுக்குக் குழந்தையும் இல்லை. நான் ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற வேலையை வீட்டுக்கு வாங்கிவந்து தைப்பேன். தைத்துக்கொண்டே அடுத்த வீட்டுப் பாயம்மாவிடம் இரண்டு பேருக்குமான பேச்சையும் பேசித் தீர்த்துக்கொள்வேன்.

எழுபதுகளின் கடைசியில் எனக்குத் தாகம் ஆரம்பித்தது. குடம் குடமாகக் குடித்தாலும் அடங்காது. ரவிக்கை எல்லாம் தொளதொளத்துப் போயிற்று. ஒருநாள் பாயம்மா எங்கள் பின்பக்கத்துக் கழிவறைப் பக்கம் போய் வந்தவள், புடவைத் தலைப்பை மூக்கிலிருந்து எடுக்காமலே சொன்னாள்.

"இன்னாமா, அங்க எறும்பு மொய்க்குது? எங்க மாமியாருக்கும் இப்டித்தான் ஆச்சு. சக்கரை இருக்கும். வேலூருக்குப் போய்க் காட்டு."

காட்டினோம். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, நெற்றியில் நரைமுடி விழுந்தவர், நிதானமாகப் பேசினார். சர்க்கரை இருக்கிறது, மாத்திரை தருகிறேன், தினமும் போட வேண்டும், கால் இரண்டையும் முகத்தைப் பார்த்துக்கொள்கிற மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும், செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்றார். எத்தனை நாளைக்குப் போட வேண்டும் என்று நான் கேட்டேன். ஆயுசுக்கும் என்றார். எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் சுவர் மாதிரி நின்றிருந்தார். அந்த ஒரு வார்த்தை அவருக்குள் எங்கே போய் விழுந்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. திரும்பி வரும்போது பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியதும் அவராக வாயைத் திறந்தார்.

"சாவுற வரிக்கும் மாத்திரையா?"

அவ்வளவுதான் கேட்டார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவராக ஒன்று கேட்டதே பெரிது என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

மாத்திரை போட்டதும் தாகம் அடங்கிவிட்டது. ஆனால் வயிறு கல் மாதிரி உப்பிக்கொண்டது. சோறு இறங்கவில்லை. பாயம்மா ஒரு கிண்ணத்தில் லவங்கப்பட்டை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை பிரியாணிக்குப் பிறகு எல்லோரும் குடிப்பது அது. வாசல்படியில் நின்றபடியே சொன்னாள்.

"குடிச்சுப் பாரு. எங்க வைத்தியரு ஹக்கீம் சாப் சொல்வாரு, பட்டை வயித்துக்கு நல்லது, சளிக்கு நல்லது, சக்கரைக்கும் நல்லதுன்னு."

மாத்திரையை நிறுத்து என்று அந்த மனுஷி சொல்லவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் என் சொந்தக்காரர்கள் அவளைத்தான் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். கிணற்றடியில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் காதில் அது விழுந்தது. எனக்கு அன்று ராத்திரியே வயிறு இளகிவிட்டது. காலையில் பசி எடுத்தது. அதையும் அவர் பார்த்தார்.

மறுநாள் சாயந்திரம் பஜாருக்குப் போய் லவங்கப்பட்டை வாங்கி வந்தார். அவர் வாங்கிய விதத்தைக் கடைக்காரர் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தார். சாக்கைப் பிரிக்கச் சொல்லி, ஒவ்வொரு சுருளாக எடுத்து முகர்ந்து, ஒடித்துப் பார்த்து, ஒடித்ததை மென்று பார்த்து, தடிப்பட்டையை ஒதுக்கிவிட்டு மெல்லிசாகச் சுருண்டதாகப் பொறுக்கினாராம். வீட்டுக்கு வந்து நேராக அடுப்படிக்குள் நுழைந்தார். கல்யாணமானதிலிருந்து சாப்பிடுவதற்குத் தவிர அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷன். எனக்கு முதலில் பயமே வந்துவிட்டது.

"இன்னாங்க, இன்னா வேணும்?"

"நீ உக்காரு. நான் செய்றேன்."

பட்டையைத் தட்டினார். தண்ணீரைக் கொதிக்கவைத்தார். விரலை நனைத்து நாக்கில் வைத்துச் சொடுக்கினார். துப்பவில்லை, அடுப்படி என்கிற நினைப்பு இருந்தது. "இன்னைக்கி இவ்ளோ போதும். மொத குழி இளசாத்தான் இருக்கணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நான் இன்னா ஆட்டுத்தோலா?"

"சிரிக்காத. அறுத்த ஆட்டுத்தோல ஒருநாள் வெய்யில்ல போட்டா இன்னா ஆவுது? நாறிப் பூடும். அதயே பட்டைத்தண்ணியில ஏத்தி எறக்கினா நம்ம காலத்துக்கு அப்பறமும் நிக்குது. செத்த தோலுக்கே அப்டீன்னா, உசுரோட இருக்கற உடம்புக்கு எவ்ளோ செய்யும்? ஆவாரம்பட்டை தோலுக்கு. மனுஷனுக்கு இந்த வாசனைப் பட்டை. ஹக்கீம் சாப் சும்மாவா சொல்வாரு?"

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. பேசி முடித்துவிட்டு அவரும் சிரித்தார். முன்பல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும். அதை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அப்படி ஆரம்பித்தது. விடிவதற்குள் எழுந்து ஸ்டவ்வைப் பற்றவைத்துவிடுவார். வாசனை வந்துதான் எனக்கு விழிப்பு வரும். எங்கள் ஊரில் காலைக் காற்று தோல்வாடையோடுதான் வரும். அதற்கு நடுவில் இது வந்து மூக்கில் ஏறும். வாரம் ஆக ஆகக் கொஞ்சம் கெட்டியாக்கினார். ஒவ்வொரு குழியாக என்னை ஏற்றுகிறாராம். இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து உட்காருவார். எனக்குத் துணையாக அவரும் குடிப்பார். குடிக்கக் குடிக்கப் பேசுவார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சுண்ணாம்புக் குழி நாற்றத்தில் வாந்தி எடுத்ததை, தன் அம்மா செத்தபோது அழ வராமல் எல்லோரும் கல்நெஞ்சன் என்று பேசியதை, சின்ன வயதில் வாரத்துக்கு ஒருமுறை ஜோலார்பேட்டை ஜங்ஷனுக்குப் போய் உட்கார்ந்துவிடுவதை எல்லாம் சொன்னார். எந்த வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்று அப்போதும் அவருக்கு மனப்பாடம். ஒன்றிலும் ஏறியதில்லை.

"ஏன் ஏறல?"

"எங்க போறது? யார் இருக்காங்க?"

அந்தக் காலையெல்லாம் நான் சந்தோஷமாக இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன். கல்யாணம் என்றால் இதுதான் போலிருக்கிறது, கொஞ்சம் லேட்டாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். தையல் வேலைக்கு உட்கார்ந்தால் ஊசி தானாக ஓடும். பாயம்மாகூட, "இன்னாமா, புதுப் பொண்ணு மாதிரி முழிக்கிற" என்று கிண்டல் செய்தாள்.

மாத்திரையை நிறுத்தியது அவர்தான். அதற்கும் அவர் தொழிலில் ஒரு காரணம் இருந்தது. ஒரு குழியில் ஒரு சரக்குதான் போட வேண்டும். இரண்டு வேறு சரக்கைக் கலந்தால் தோலில் திட்டுத்திட்டாகக் கறை விழும். "ஒடம்பும் அப்டித்தான். ரெண்டும் உள்ள போய் சண்டை போட்டுக்கும். ஒண்ணு வேலை செய்யட்டும்" என்றார். மாத்திரைப் புட்டியை எடுத்துப் பரணில் வைத்தார். தூக்கிப் போடவில்லை. அவர் எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை.

உடம்பும் அவருக்குச் சாதகமாகத்தான் பேசியது. உப்புசம் போயிற்று. மார்கழியில் எப்போதும் பிடிக்கிற சளி அந்த வருஷம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாக்குக்கு ருசி திரும்பியது. இதையெல்லாம் லவங்கப்பட்டை செய்தது, இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். தாகம் மட்டும் மெல்லத் திரும்ப வந்தது. "பட்டை சூடு. அதான்" என்றார். பாயம்மாவும் பட்டை சூடுதான் என்றாள். மோர் குடித்தேன். நன்றாக இருக்கிற உடம்பைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கு எதற்குப் போக வேண்டும் என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் அப்போதே உப்புக் கரிக்க ஆரம்பித்துவிட்டது. குடிக்கிற தண்ணீருக்குத் தெருக்கோடி அடிபம்புக்குத்தான் போக வேண்டும். ஒருநாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பும்போது பம்பைச் சுற்றிக் கட்டியிருந்த சிமெண்டு விளிம்பில் கால் பெருவிரல் இடித்துக்கொண்டது. நகம் பெயர்ந்து ரத்தம். பின்னால் நின்ற பெண் பார்த்துவிட்டு ஐயோ என்றாள். எனக்கு வலிக்கவே இல்லை. "நாங்க எல்லாம் காட்டுல வேலை செஞ்ச ஒடம்பு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு நடந்தேன். வலிக்காததுதான் வியாதி என்பது எனக்கு எப்படித் தெரியும்?

எங்கள் வீட்டுக்காரர் என் காலைத் தூக்கி மடியில் வைத்துக் கழுவினார். பட்டையை இழைத்த மாதிரி நைசாகப் பொடி செய்து, தேனில் குழைத்துப் போட்டார். தினமும் போட்டார். புண் காய்ந்தது. மேலே பழுப்பாக, கெட்டியாக ஒரு பொருக்கு கட்டியது. அவர் தினமும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "கெட்டி ஆவுது" என்பார். அவர் முகத்தில் அப்போது இருந்த திருப்தியை நான் மறக்கவே இல்லை. பதம் சரியாக வந்த தோலைத் தடவிப் பார்க்கும்போதும் அப்படித்தான் இருந்திருப்பார்.

பிறகு ஜுரம் வந்தது. பாதம் கொஞ்சம் வீங்கியது. படுத்துக்கொண்டேன். வேறு ஊராக இருந்திருந்தால் மூக்கே சொல்லியிருக்கும். எங்கள் தெருவில் எந்த நாற்றம் எதிலிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. அவரோ நாள் பூராவும் அந்த வாடையிலேயே நிற்கிறவர். ஜுரம் என்று கேள்விப்பட்டு என் தங்கை கணியம்பாடியிலிருந்து வந்தாள். உள்ளே காலை வைத்ததும் நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா நாத்தம் இது?"

"ஆம்பூர்ல இன்னா மல்லிப்பூ வாசனையா வரும்?" என்றேன். அவர்கூடச் சிரித்தார்.

"தெருவுல இல்லக்கா. இங்க." அவள் வந்து என் போர்வையைத் தூக்கினாள். தூக்கியவள் திரும்பி அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

அன்றைக்கே வேலூருக்குப் போனோம். அதே டாக்டரம்மாதான் பார்த்தார். என் காலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு அந்தப் பொருக்கின் ஓரத்தைக் கத்தி முனையால் லேசாகத் தூக்கினார். எனக்கு வலிக்கவில்லை. உள்ளேயிருந்து வந்ததை நான் பார்க்கவில்லை, மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் பார்த்தார். தோலின் ஓரத்தை வெட்டி நடுவில் நிறம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது அவர் தினமும் செய்கிற வேலை.

"மேல கெட்டியாய்டுச்சி. உள்ள பச்சை" என்றார்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எதற்கும் ஆகாது என்று ஒதுக்குகிற தோலுக்குச் சொல்கிற வார்த்தை அது. சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடதுகால். எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார்கள், எடுக்கச் சொல்லிக் கைநாட்டு வைத்ததும் அவர்தான். கையெழுத்துப் போடத் தெரிந்தவர், அன்றைக்குக் கை ஓடவில்லை.

பிறகு வார்டில் டாக்டரம்மா என்ன போட்டீர்கள், என்ன குடித்தீர்கள் என்று கேட்டார். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. குழி, ஆவாரம்பட்டை, ஹக்கீம் சொன்னது, பரணில் வைத்த மாத்திரை எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா திட்டுவார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் திட்டவில்லை.

"பட்டை கெடுதல் இல்லை. வயித்துக்கு நல்லதுதான். உணவுல சேர்க்கலாம், தண்ணியா குடிக்கலாம். ஆனா மாத்திரைக்குப் பதிலா இல்லை. மாத்திரையோட சேர்த்து இதையும் குடிச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

அந்த அம்மா ஆறுதலுக்குத்தான் சொன்னார். நாலு அறை அறைந்து, அறிவிருக்கா உனக்கு என்று கத்தியிருந்தால் எங்கள் வீட்டுக்காரர் தாங்கியிருப்பார். எங்கேயாவது ஓரமாகப் போய் அழுது தீர்த்திருப்பார். கூடச் சேர்த்துக் கொடுத்திருந்தால் போதும் என்பது அவரை உள்ளேயே போட்டு அரித்துவிட்டது.

வீட்டுக்கு வந்தோம். ஊன்றுகோலில் நடக்கப் பழகினேன். பின்னால் ரப்பர் பாதம் வைத்த கால் ஒன்றும் செய்து மாட்டிவிட்டார்கள், அதில் புடவையை இறக்கிக் கட்டினால் சட்டென்று தெரியாது. தையல் வேலைக்குக் கால் எதற்கு? கை இருக்கிறது, வாய் இருக்கிறது. நான் சமாளித்துக்கொண்டேன். காலைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. மழைநாளில் இல்லாத விரல் அரிக்கும், சொரிய இடம் இருக்காது. ஆனால் அந்த வருத்தம் நாளாக நாளாகப் பழகிப்போயிற்று. பழகாதது வேறு.

மாத்திரையை அவர் வேளை தவறாமல் கொடுத்தார். தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து, நான் விழுங்குகிறவரை நின்று பார்த்து, வாயைத் திற என்று சொல்லாத குறையாகப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். மாதா மாதம் வேலூருக்கு அழைத்துக்கொண்டு போனார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டார். பேச்சு மட்டும் போய்விட்டது. முன்னால் இருந்ததைவிடக் கம்மி. அடுப்படிப் பக்கமே வருவதில்லை. பட்டை டப்பாவை எங்கே கொண்டுபோய்ப் போட்டார் என்று தெரியாது, தூக்கிப் போடத் தெரியாத மனுஷன் அதை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டார். பாயம்மா வீட்டு பிரியாணி வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். பாயம்மா அதைப் பார்த்து முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அவள் தன்மேல்தான் தப்பு என்று நினைத்தாள். அவர் தன்மேல் என்று நினைத்தார். என் கால் போன வீட்டில் நான் இரண்டு பேருக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் கேட்டுப் பார்த்தேன். ஒருமுறை அல்ல, பலமுறை. "வயிறு உப்பிக்கினு இருக்கு. அந்தத் தண்ணி கொஞ்சம் வெச்சிக் குடுங்களேன்" என்பேன். ஓமத்தைக் கொண்டுவந்து வைப்பார். சண்டையும் போட்டுப் பார்த்தேன்.

"காலு போனது என்து. நானே மறந்துட்டேன். நீங்க இன்னா அதயே கட்டிக்கினு அழுவுறீங்க?"

மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார். நானே வாங்கிவந்து நானே கொதிக்கவைத்துக் குடிக்கலாம். ஒருநாள் செய்தும் பார்த்தேன். அதே பட்டை, அதே தண்ணீர், அதே டம்ளர். பாதி குடித்துவிட்டு மீதியைக் கொட்டிவிட்டேன். நான் கேட்டது அதை அல்ல.

கடைசியில் ஒரு யோசனை செய்தேன். என் பேச்சைக் கேட்காவிட்டால் டாக்டர் பேச்சையாவது கேட்பாரே! எண்பதுகளின் நடுவில் ஒரு மாதம் வேலூருக்குப் போனபோது, அவர் பக்கத்தில் இருக்கும்போதே டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"டாக்டரம்மா, மாத்திரை தவறாம போட்டுக்கறேன். சர்க்கரையும் சரியா இருக்குன்றீங்க. காலையில ஒரு டம்ளர் லவங்கப்பட்டைத் தண்ணி குடிக்கலாமா? நீங்களே எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அந்த அம்மாவுக்குப் பழைய கதை ஞாபகம் இருந்தது. என்ன புரிந்துகொண்டாரோ, எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"தாராளமா. நீங்க போட்டுக் குடுங்க. இளசா. நான் சொல்றேன், குடுங்க."

எங்கள் வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டினார். ஆம்பூரில் இறங்கியதும் என்னைப் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் பஜார் பக்கம் போனார். திரும்பி வரும்போது சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். வீடு வருகிறவரை வாசனை வந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு எனக்குத் தூக்கமே சரியாக வரவில்லை, குழந்தை மாதிரி விடிவதற்குக் காத்துக்கொண்டு கிடந்தேன்.

விடியற்காலையில் ஸ்டவ் பற்றவைக்கிற சத்தம் கேட்டது. வாசனை வரட்டும் என்று படுத்திருந்தேன். வரவில்லை. காலை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரைக்கும் போனேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பொட்டலம் பிரித்திருந்தது. கையில் ஒரு சுருள் பட்டை. நல்ல பட்டை, மெல்லிசாகச் சுருண்டது, பொறுக்கித்தான் வாங்கியிருக்கிறார். அதைப் பாத்திரத்துக்கு மேலே கொண்டுபோனார். கை நின்றது. திரும்ப எடுத்தார். மறுபடியும் கொண்டுபோனார். தண்ணீர் பாதியாகச் சுண்டுகிறவரை நின்றுகொண்டே இருந்தார். நானும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போடுங்க என்று ஒரு வார்த்தை என் வாயில் இருந்தது. ஊருக்கெல்லாம் பேசுகிற வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

பட்டையைப் பொட்டலத்தில் திரும்ப வைத்து மடித்தார். ஸ்டவ்வை அணைத்தார். மிச்சமிருந்த வெந்நீரை ஒரு டம்ளரில் ஊற்றினார். திரும்பினபோதுதான் நான் நிற்பதைப் பார்த்தார். ஒரு கையில் டம்ளரும் இன்னொரு கையில் மாத்திரையுமாகக் கிட்டே வந்து, ரொம்பச் சின்னக் குரலில் சொன்னார்.

"சூடா குடி. வயித்துக்கு நல்லது."

நான் வாங்கிக் குடித்தேன். அவர் இருந்தவரை தினமும் விடியற்காலையில் அதைத்தான் வைத்துக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் பழக்கத்தில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். வெறும் தண்ணீரில் என்ன பதம் பார்க்கிறீர்கள் என்று தினமும் கேட்க நினைத்து, தினமும் வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.